கழுத்தளவு

இந்த ஊரில் ஆண்களுக்குச் சட்டை வாங்கப் போனால் முதலில் கழுத்தைக் கேட்கிறார்கள். நெஞ்சைக் கேட்பதில்லை, உயரத்தைக் கேட்பதில்லை. கழுத்து எத்தனை இஞ்ச் என்பதுதான் முதல் கேள்வி. நம்மூர்க் கடையில் முப்பத்தெட்டு, நாற்பது என்று நெஞ்சளவைச் சொல்வோம். அதுவும் தெரியாவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டி, "இந்தா அண்ணாச்சி இருக்காவல்லா, அவிய பருமன்" என்போம். வேலை முடிந்துவிடும். இங்கே அப்படிக் கை காட்டக் கடையில் ஆள் இல்லை. இருந்தவர் ஒருவர்தான். ஒடிசலான, மிக நெட்டையான வெள்ளைக்காரப் பெரியவர். "உங்கள் தந்தையின் கழுத்தளவு என்ன, மேடம்?" என்று அவர் கேட்டார். அப்பாவின் ரத்த அழுத்தம் எனக்குத் தெரியும். எந்தப் பாதத்தில் ஆணி விழுந்திருக்கிறது என்று தெரியும். எந்தப் பல் ஆடுகிறது என்பதுகூடத் தெரியும். கழுத்தளவு தெரியாது.

நான் பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பத்தாவது தேறியபோது வீட்டில் அந்த மார்க் ஷீட்டை வாசிக்கத் தெரிந்தவளும் நான்தான். பிறகு நர்ஸ் படிப்பு, வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கிருந்து ஏஜென்ட் மூலமாக இங்கிலாந்து. யார் சிபாரிசும் இல்லாமல் வந்தவள் என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். வட பகுதியில் ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் நூல் ஆலைகளாக இருந்த ஊராம். இப்போது ஆலைகளின் புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. அந்த ஆலைகளில் வேலை பார்த்துக் கிழவர்களானவர்கள்தாம் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள். அவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் சட்டை மாற்றிவிடுவதும் என் வேலை.

போன தை மாதத்துக்கு என் தம்பி இசக்கிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இசக்கி பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். பெண் செல்வி, தச்சநல்லூர். அவளுடைய அப்பா பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். எங்களைவிட இரண்டு படி மேலே உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அக்கா வெளிநாட்டில் நர்ஸ் என்பதால்தான் பேச்சையே ஆரம்பித்தார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்பதால் எனக்கு லீவு கிடையாது. கல்யாணத்துக்கு வர முடியாது என்று ஐப்பசியிலேயே சொல்லிவிட்டேன். எனக்குப் பதிலாக அப்பாவுக்கு ஒரு சட்டை போகட்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளை, முழுக்கை, விறைப்பான காலர். கல்யாண வாசலில் நின்று தச்சநல்லூர்க்காரர்களை அப்பா கைகூப்பி வரவேற்கும்போது மேல் பித்தான் வரை போட்டிருக்க வேண்டும். அந்த மேல் பித்தானில்தான் என் ஆசையெல்லாம் இருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் இருந்தது அந்தக் கடை. பழைய பாணிக் கடை. கதவைத் திறந்தால் மணி அடிக்கும். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். கண்ணாடி மேஜைக்குள் சட்டைகள் காலர் மட்டும் தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருக்கும். நம்மூரில் ஒரு சட்டை எடுக்க இருபது சட்டை பிரிபடும். விற்பனையாள் அதை விசிறி விரிக்கும்போது புதுத்துணி வாசம் முகத்தில் அடிக்கும். இங்கே அந்தப் பெரியவர் ஒரு சட்டையை எடுத்துக் காட்டுவதற்கு முன் கைக்குட்டையால் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டார்.

கழுத்தளவு தெரியாததால் என் இரண்டு கைகளையும் வளையம்போல் வைத்து, "இவ்வளவு" என்று காட்டினேன். சிறுபிள்ளையில் அந்தக் கழுத்தில் தொங்கிக்கொண்டு பேட்டை ரயில்வே கேட் வரை போயிருக்கிறேன். அந்தப் பருமன் என் கைக்குத் தெரியும். பெரியவர் சிரிக்காமல் டேப்பை எடுத்து என் கை வளையத்தையே சுற்றி அளந்தார். பதினேழுக்கும் மேலே வந்தது. உயரம் கேட்டார், என் காது வரை காட்டினேன். தொப்பை உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். "உயரம் இல்லை, பருமன் இல்லை, கழுத்து மட்டும் பதினேழு! உங்கள் தந்தை ரக்பி ஆடுபவரோ?" என்றார். "இல்லை, துணிக்கடையில்..." என்று ஆரம்பித்தேன். துணிக்கடையில் பேல் எனும் துணிப் பொதிகளைச் சுமப்பவர் என்று முடிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நம்ம தொழில்காரர்!" என்று மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் திருத்தவில்லை. அப்பாவைத் தொழில்காரர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒரு நிமிடமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆயத்தச் சட்டை எதுவும் சரிவராது, சரியான அளவுகளை வாங்கி வாருங்கள், வெட்டித் தைத்துத் தருகிறேன் என்றார்.

மேல் பித்தானுக்கு ஒரு கதை உண்டு. வண்ணார்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் அப்பாவை ஒரு ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஊரில் நல்ல பேர் உள்ள கடை. செருப்பை வெளியே விட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்து துணி பார்க்க வேண்டும். கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் பஸ் போகும் ரோட்டில். பின்வாசல் சந்தில். சந்தில் லாரி வந்து நிற்கும், பேல் இறங்கும். அப்பா அந்தக் கடைக்குப் பல வருடங்களாகப் பேல் இறக்குகிறவர். தலையில் சும்மாடு வைத்து, பேலின் பாரம் முழுவதையும் பிடரியில் வாங்கி வாங்கி, கழுத்தும் பிடரியும் ஒன்றாகத் திரண்டு போனவர். அன்றுவரை முன்வாசல் வழியாக அவர் உள்ளே போனதில்லை. அந்த வாசல் வழியாக அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகவே நான் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தேன்.

உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. கல்லாவிலிருந்து முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே சுடல, நல்ல நேரத்துல வந்த. வண்டி வந்து நிக்கி. ஒரு பயலயும் காணும். பைய ஒரு கை குடு."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போட்டிருந்த சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, மெத்தையில் என் பக்கத்தில் வைத்தார். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. "நீ சுடல மவளா? நர்ஸ்க்குப் படிச்சியாமே, நல்லா இரு தாயி" என்று எனக்குக் காப்பி வரவழைத்தார். யாருக்குச் சட்டை என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவனுக்கா? அவன் அதப் போட்டுட்டு எங்கன போவப் போறான்? காக்கியில ஒண்ணு எடு. நாள்பட உழைக்கும்."

"வெள்ளை முழுக்கை வேணும்" என்றேன்.

"எடுத்துத் தாரேன், எனக்கென்ன. ஆனா மேல் பித்தான் அவன் கழுத்துக்குச் சேராது பாத்துக்க. மாட்டுக் கழுத்துல்லா அவனுக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. வெளிச்சத்தில் அப்பாவின் வெற்று முதுகு குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தது. அவர் திரும்பி வந்தபோது வேர்வை சொட்டியது. புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "அழுக்காயிரும்ளா" என்று தொட மறுத்துவிட்டார். பஸ்ஸில் எனக்கு அடக்க முடியவில்லை.

"எப்பா, நீங்க ஏன் எந்திரிச்சுப் போனீங்க?"

"வண்டி நிக்கில்லா."

"நின்னா நிக்கட்டும். இன்னைக்கு நீங்க சட்டை எடுக்க வந்தவங்க."

"சட்டையும் எடுத்தாச்சு, வண்டியும் எறக்கியாச்சு. இதுல ஒனக்கு எங்கன கொறஞ்சு போச்சு?"

எங்கே குறைந்தது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சி சொன்னதுபோல் அந்தச் சட்டையின் மேல் பித்தான் கடைசிவரை சேரவே இல்லை. திறந்த காலரோடு அப்பா அதைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் ஓட்டுப் போடவும் போட்டுக்கொண்டு போனார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடைச் சிரிப்பு எனக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேட்டையில் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு நான் போன் செய்வேன். இசக்கி அங்கே வந்து காத்திருப்பான். அப்பாவுக்கு அளவெடுத்து வைக்கும்படி முந்தின வாரமே சொல்லியிருந்தேன்.

"எக்கா, எழுதிக்க. கழுத்து பதினாலே கால். நெஞ்சு முப்பத்திரண்டு."

"ஏலே, டேப்பத் திருப்பிப் பிடிச்சிட்டியா? பதினேழு இருக்கும்லே."

"நான் லேத்துல நூல் பிசகாமக் கடையுதவன். எனக்கு அளக்கத் தெரியாதாக்கும்?"

"அப்பா கழுத்தத்தான் அளந்தியா?"

 அவன் மெதுவாக, "அப்பா கழுத்துதான்க்கா" என்றான்.

இதைப் படிப்பவர்களுக்கு என் தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா எப்படி இருக்கிறார் என்று வாராவாரம் கேட்டிருக்கிறேன். வாராவாரம் அவன், "நல்லா இருக்காவ, இப்பந்தான் சாப்பிட்டுட்டுப் படுத்தாவ" என்று கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வந்தது. அளவைப் பற்றிச் சொல்ல வரவில்லை. பட்டறையில் தவறான அளவு சொன்னால் சாமான் வீணாகும் என்று சிறு வயதிலிருந்து அடிவாங்கிப் பழகியவன். டேப்பில் என்ன தெரிந்ததோ அது அவன் வாயில் அப்படியே வந்துவிட்டது.

நான் நர்ஸ். பதினேழு அங்குலக் கழுத்து ஒரு வருடத்துக்குள் பதினாலே காலுக்கு வந்தால் அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கழுத்துகளை நான் தினமும் துடைக்கிறேன்.

"அப்பாக்கு என்னலே?"

"ஒண்ணுமில்லக்கா."

"பதினாலே கால் ஒண்ணுமில்லையாலே?"

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் நின்ற அம்மா போனை வாங்கினாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை, கஞ்சியும் பாலும்தான் போகிறது என்றாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்களாம். முற்றிவிட்டது, கையை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் நடந்து மூன்று மாதமாகிறது. சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். போனை வைத்துவிட்டு மறுநாள் வார்டுப் பொறுப்பாளரம்மாவிடம் போய் நின்றேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, அவசர லீவு தருகிறேன், டிக்கெட்டைப் பார் என்றாள். அந்த வாரம் முழுவதும் பிறத்தியார் அப்பாக்களுக்குக் கூழை ஸ்பூனில் ஊட்டினேன். ஒவ்வொரு வாய் இறங்கும்போதும் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவே பூத்துக்கு வந்துவிட்டார். இசக்கி சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தானாம். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"ஏளா பேச்சி."

"எப்பா, நான் வாரேன். லீவு தருதேன்னுட்டாவ."

"வரண்டாம்."

"என்ன வரண்டாம்? எனக்கு ஒங்களப் பாக்கண்டாமா?"

"சொல்லுதத முழுசாக் கேளு. மக கல்யாணத்துக்கு வரமாட்டான்னு ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப நீ திடுதிப்புன்னு வந்து எறங்குனா எதுக்கு வந்தான்னு கேப்பாவ. தச்சநல்லூருல மோப்பம் பிடிச்சிருவாவ. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்க வீட்டுல எவன் பொண்ணக் குடுப்பான்? ஒரு வருசம் போவட்டும், பொறவு பாப்போம்பான். ஒரு வருசத்துக்கு நான் எங்கன இருக்கப் போறேன்?"

 அப்பா இருமினார். பிறகு சிரிப்பதுபோல் ஒரு சத்தம்.

"சட்டை எடுக்கியாமே. எடு. ஆனா நான் வத்திப்போய்க் கெடக்கது வெளிய தெரியப்பிடாது. பழைய சுடலயா நிக்கணும். அதுக்குத் தக்கன எடு. நீ படிச்சவல்லா, ஒனக்குத் தெரியும்."

டிக்கெட் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன். பெரியவர் நான் நீட்டிய அளவுகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "போன தடவை பதினேழு என்றீர்களே?"

"இளைத்துவிட்டார்" என்றேன்.

"அடேயப்பா! பாராட்டுச் சொல்லுங்கள். என் டாக்டர் எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். மன உறுதி உள்ள மனிதர் உங்கள் தந்தை" என்றார். அவர் ஒடிசலாகத்தான் இருந்தார். வயதான பிறகு எல்லா வெள்ளைக்காரர்களும் தங்களுக்கு எடை கூடிவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

அப்பாவை இளைத்தவராகக் காட்டக் கூடாது, நல்ல பருமனாகக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் இதற்கு நேர் எதிராகத்தான் கேட்பார்களாம். எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் மெலிந்து நின்றால் மரியாதை இல்லை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. அவர் யோசித்தார். பிறகு உற்சாகம் வந்துவிட்டது. கனமான துணியாக எடுத்தார். முதுகில் இரண்டு ஆழ்ந்த மடிப்பு, நெஞ்சில் தாராளம், தோளுக்கு உள்ளே இன்னொரு அடுக்குத் துணி, கையில் அகலமான பட்டை என்று ஒவ்வொன்றாகச் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். கழுத்து மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டும், காலருக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது என்றேன்.

"கழுத்தில் அரை இஞ்ச் கூட விடுகிறேன், மேடம். எடை குறைத்தவர்கள் மறுபடியும் போட்டுவிடுவார்கள். நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்."

கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பாலும் கஞ்சியும் மட்டும் உள்ளே போகும் ஒரு உடம்பு அதற்குள் இன்னும் எவ்வளவு வற்றும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தானே படித்தேன்.

"அரை இஞ்ச் கூட வேண்டாம்" என்றேன். "நான் கொடுத்த அளவிலிருந்து இன்னும் அரை இஞ்ச் குறைத்துவிடுங்கள்."

"உங்கள் தந்தைமீது உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா!" என்று அவர் சிரித்தார். வெளியே வந்து அடுத்த கடையின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். பஸ் இரண்டு போய்விட்டன.

சட்டை தயாரானதும் லீவில் மதுரைக்குப் போன ஒரு தோழியிடம் கொடுத்தனுப்பினேன். கல்யாணத்தன்று எனக்குக் காலை வேலை. முகூர்த்த நேரம் இங்கே பொழுது விடியாத நேரம். குளியலறையில் முகம் கழுவிக்கொண்டு சும்மா நின்றேன். பிறகு பனியில் நடந்து வேலைக்குப் போனேன்.

மாசியில் கல்யாண வீடியோ காசெட் வந்தது. லீவு முடிந்து திரும்பியிருந்த அந்தத் தோழியின் வீட்டில் போட்டுப் பார்த்தோம். முழுக்கப் பாட்டுப் போட்டு நிரப்பியிருந்தார்கள், யார் பேசுவதும் கேட்கவில்லை. வாசலில் அப்பா நிற்கிறார். வெள்ளைச் சட்டை, மேல் பித்தான் வரை போட்டு, காலர் கழுத்தோடு ஒட்டி. என் கணக்கு தப்பவில்லை. சந்தனத்தை அப்பி, ஒட்டிப்போன கன்னத்தை மறைத்திருந்தார்கள். அப்பாவைப் பார்த்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து கொஞ்சம் வெளுத்துவிட்ட மனிதர்போல இருந்ததே தவிர, வேறொன்றும் தெரியவில்லை. "உங்கப்பா கம்பீரமா இருக்காங்க" என்றாள் தோழி.

ஜவுளிக்கடை அண்ணாச்சி வருகிறார். அவரைப் பார்த்ததும் அப்பாவின் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. மேல் பித்தானைப் பிடிக்கிறது.  கழற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கை அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கி, இரண்டு கையும் கூடி, வணக்கம் சொன்னது. அண்ணாச்சி அப்பாவின் கைப்பட்டைத் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். ஜவுளிக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது. அவர் என்ன சொன்னார் என்று இசக்கியிடம் கேட்டேன். "வெளிநாட்டுச் சரக்கா? நம்ம கடையில இப்பிடித் துணி கெடையாது வே" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாராம். "'வே'ன்னு சொன்னாருட்டி, 'லே'ன்னு சொல்லல" என்று. எங்கள் பக்கத்தில் 'லே' கீழே உள்ளவனுக்கு, 'வே' சரிசமமான ஆளுக்கு.

பங்குனியில் அப்பா போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அழுகை கூடியது. கூடவே பேச்சும்.

"நல்லா இருந்த மனுசன்ளா! கல்யாணத்துல தொர மாதிரி நின்னாரே!"

"கழுத்து வரைக்கும் பித்தான் போட்டு... நான் கண்ணால பாத்தேனே."

"நோயா நொடியா? மக நெனப்புதான். ஒத்தப் பொட்டப்புள்ளைய கடல்தாண்டி அனுப்பிட்டு அதயே நெனச்சு நெனச்சு உருகிட்டாரு."

அண்ணாச்சியும் வந்திருந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். "ஒரு சீக்கும் இல்லாம ஒரு ஆளு ரெண்டு மாசத்துல போவானா தாயி? ஒம் மேல உள்ள ஏக்கந்தான். துட்டு சம்பாதிக்கலாம், ஒங்கய்யாவச் சம்பாதிக்க முடியுமா?" என்றார். எனக்கு எதிரே செல்வியின் அப்பா தச்சநல்லூர்க்காரர் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, ஆறு மாதமாக அப்பாவுக்குப் புற்று என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், பெண்ணைக் கொடுக்கும்போது மறைத்தீர்களா என்று அவர் எழுந்திருப்பார். கல்யாணமாகி இரண்டு மாதமான செல்வி என்ன ஆவாள்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் செய்தவள் தலைகுனிகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுக்களையில் தண்ணீர் குடிக்கப் போனேன். செல்வி பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்தாள்.

"மதினி, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறாநாளு அந்தச் சட்டையத் தொவைக்க எடுத்தேன். உள்ளுக்க மூணு பனியன் இருந்துச்சு. மாமா முதுக அன்னைக்கே பாத்துட்டேன். எங்கப்பாட்ட ஒண்ணும் சொல்லல. நீங்களும் சொல்லாண்டாம். நான் நேரம் பாத்துச் சொல்லுதேன்."

அவளுக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அன்று நான் அழுதது அப்போதுதான்.

சொன்னபடி செல்வி போன மாதம் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, பதினொன்றாம் நாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, உங்கள் நிலைமையில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றாராம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. அப்பா ஒரு வேலை சொன்னார், அதைச் சுத்தமாகச் செய்து கொடுத்தேன். பேட்டையில் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் அந்தத் தெருவில் சொல்லுங்கள், அவர் ஏக்கத்தில் சாகவில்லை என்று. ஆனால் நம்ப மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் கண் முன்னால் அப்படி ஒருவரை நிறுத்தியது நான்தான்.

நான் இங்கே திரும்பி வந்து சில மாதங்களாகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போக இப்போது புதிதாக இன்னொரு பஸ் விட்டிருக்கிறார்கள். என் வாசலிலேயே நிற்கும். மழைக்கும் குளிருக்கும் அதுதான் வசதி. நான் அதில் ஏறுவதில்லை. பழைய வழியிலேயே நடந்து போகிறேன். அந்தக் கடைப் பெரியவர் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பார்.

"காலை வணக்கம், மேடம். தந்தை எப்படி இருக்கிறார்? எடை போட்டுவிடவில்லையே?"

"இல்லை. அப்படியேதான் இருக்கிறார்."

"விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்பேன். பேட்டையில் அப்பாவை நலம் விசாரிக்க இனி யாருக்கும் அவசியம் இல்லை. உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் இவர் ஒருவர்தான். அவர் கேட்டு முடிக்கும் வரை ஈரத் தரையில் நின்று பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் வேலைக்குப் போகிறேன்.